செவ்வாயில் தண்ணீர் ‘கண்டுபிடிப்பு’ இன்னும் எத்தனை தடவை நடக்கும்?

கரிசல்காட்டான்:

எனக்கு ரொம்ப நாளாக ஒரு எரிச்சல். செவ்வாயில் தண்ணீர் இருந்ததற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று 2004இல் படித்தேன். 2008இல் மறுபடியும் கிடைத்தது. அப்புறம் 2012, 2015, 2018, 2024 என்று வரிசையாக அதே தலைப்பு, தேதி மட்டும்தான் வேறு. ஒரு தடவை கண்டுபிடித்ததை எத்தனை தடவை கண்டுபிடிப்பார்கள்? முன்னால் சொன்னது தப்பா, இல்லை பத்திரிகைக்காரர்களுக்கு வேறு தலைப்பு கிடைக்கவில்லையா?

இன்னொன்று. மேலே சுற்றுகிற கலம் எடுத்த படத்தில் வளைந்து வளைந்து ஒரு பள்ளம் தெரிந்தால் உடனே ஆறு என்கிறார்கள். எரிமலைக் குழம்பு ஓடினாலும் அப்படித்தானே பள்ளம் விழும்? கோடிக்கணக்கான வருஷம் காற்று அரித்தாலும் விழுமே?

கடைசியாக ஒரு பாமரக் கேள்வி. இத்தனை கோடி கொட்டி அனுப்புகிற ரோவர் ஏன் மேல் மண்ணைக் கீறிக்கொண்டே நிற்கிறது? எங்கள் ஊரில் போர் வண்டி ராத்திரி வந்தால் விடிவதற்குள் 600 அடி இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. ஆழமாக ஒரு துளை போட்டுப் பார்த்தால் தீர்ந்தது.

விக்கிபீடியா இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

---

பாறைக்கிறுக்கன்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது விளங்கினால் முதல் கேள்வியில் பாதி தானாகக் கரைந்துவிடும். எரிமலைக் குழம்பாக இருக்கக்கூடாதா என்று கேட்டது சரியான கேள்வி. நாசாவே அந்த இடத்தில் ஒரு தடவை நன்றாக ஏமாந்திருக்கிறது.

ஸ்பிரிட் ரோவர் 2004 ஜனவரியில் இறங்கிய இடம் குசெவ் என்கிற விண்கல் பள்ளம். விட்டம் சுமார் 160 கிலோமீட்டர். தெற்கே மேட்டு நிலத்திலிருந்து மாதிம் வாலிஸ் என்ற பள்ளத்தாக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு வந்து, குசெவின் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. அந்தப் படத்தை யாரிடம் காட்டினாலும் ஆறு வந்து விழுந்திருக்கிறது, பள்ளம் ஏரியாக நிறைந்திருக்கிறது, அடியில் வண்டல் இருக்கும் என்றுதான் சொல்வார்கள். அதை நம்பித்தான் அங்கே இறக்கினார்கள். இறங்கிப் பார்த்தால் சமவெளி முழுக்கப் பசால்ட், அதாவது எரிமலைப் பாறை. அதிலும் ஆலிவின் நிறைந்த பசால்ட். ஆலிவின் தண்ணீர் பட்டால் சீக்கிரம் சிதைந்து வேறு கனிமமாக மாறிவிடும். அது அங்கே சிதையாமல் கிடந்ததால், அந்தத் தரை உருவான பிறகு அது பெரிதாக நனையவே இல்லை என்று தெரிந்தது. ஏரி இருந்திருந்தாலும் அதன் படிவத்தின்மேல் பின்னால் குழம்பு ஓடி மூடிவிட்டது.

ஆக, வடிவத்தை மட்டும் வைத்து ஆறு என்று சொல்லக்கூடாது என்கிற உங்கள் எண்ணம் நியாயமானது. 2005இல் எலிசியம் சமவெளியில் உறைந்த கடல் இருக்கிறது, பனிப்பாளங்கள் மிதந்து உடைந்த தடம் தெரிகிறது என்று ஒரு ஆய்வு பரபரப்பாக வந்தது. பிற்பாடு கூர்மையான படங்களை எடுத்துப் பார்த்தபோது அது இறுகிப்போன எரிமலைக் குழம்பின் மேலோடு என்று பெரும்பாலானோர் முடிவுக்கு வந்தார்கள்.

இப்போது அதே மாதம், கிரகத்தின் மறுபக்கத்தில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டியைப் பாருங்கள். அதை மெரிடியானி சமவெளிக்கு அனுப்பியதற்கு ஆறோ ஏரியோ காரணம் இல்லை. மேலிருந்து பார்த்தால் அது சப்பென்ற ஒரு சமவெளி. ஆனால் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற சுற்றுகலன் அங்கிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்தபோது, சாம்பல் நிற ஹெமடைட் பரவிக் கிடப்பது தெரிந்தது. அது இரும்பு ஆக்சைடு. பெரும்பாலும், எப்போதும் அல்ல, தண்ணீர் சம்பந்தப்பட்டு உருவாகிற வகை. அதாவது இந்த இடத்தை வடிவம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, கனிமம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

காற்றுப் பைக்குள் சுருண்டு குதித்துக் குதித்து உருண்டுபோய், 22 மீட்டர் அகலமே உள்ள ஒரு சின்னப் பள்ளத்துக்குள் போய் நின்றது ரோவர். கண் திறந்தால் எதிரே அடுக்கடுக்கான பாறை, அதில் சில மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள் பதிந்து கிடக்கின்றன. புளூபெர்ரி என்று பெயர் வைத்தார்கள். எரிமலை துப்பிய துளிகளாகவோ, விண்கல் மோதி உருகித் தெறித்த துளிகளாகவோ அவை இருக்கக்கூடாதா என்று உங்கள் கேள்வியையே அங்கேயும் கேட்டார்கள். தெறித்து விழுந்தவை என்றால் ஏதோ ஓர் அடுக்கில் மட்டும் கும்பலாக இருக்க வேண்டும். இவை எல்லா அடுக்கிலும் பரவலாக, பாறைக்குள்ளேயே வளர்ந்தவை மாதிரி இருந்தன.

அவை எதனால் ஆனவை என்று கண்ட விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரோவரிடம் இரும்புக் கனிமங்களைப் பிரித்துக் காட்டும் மோஸ்பவர் கருவி இருந்தது, ஆனால் அதன் பார்வை வட்டம் ஓர் உருண்டையைவிடப் பெரியது, தனியாக ஒன்றை அளந்தால் சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்து வந்துவிடும். பாறைமேல் ஒரு குழிவில் நிறைய உருண்டைகள் ஒதுங்கிக் கிடந்த இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். பெர்ரி கிண்ணம் என்று அதற்குப் பெயர். அங்கே கருவியை வைத்து ஓர் அளவு, பக்கத்திலேயே உருண்டை இல்லாத வெறும் பாறைமேல் இன்னோர் அளவு. முதலாவதில் ஹெமடைட் தூக்கலாக இருந்தது, இரண்டாவதில் அப்படி இல்லை. நிலத்தடி நீர் பாறைக்குள் ஊறி, கரைந்த இரும்பு மெல்ல மெல்ல உருண்டு திரண்டிருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மணற்பாறையில் இதே மாதிரி இரும்பு உருண்டைகள் உண்டு.

அதே பாறையில் ஜாரோசைட்டும் கிடைத்தது. அந்தக் கனிமத்தின் படிகத்துக்குள்ளேயே ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி, இருக்கிறது, தண்ணீர் இல்லாமல் உருவாகாது, அதுவும் அமிலத் தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். நம் நாட்டில் கட்ச் பகுதியில் மாதானோமட் என்ற இடத்தில் ஜாரோசைட் இருக்கிறது, செவ்வாய்க்கு ஒப்பான இடம் என்று ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள்.

---

சுண்டல்வண்டி:

பட்ஜெட் சமயத்தில் தண்ணீர் ஊறும், பணம் வந்ததும் வற்றிவிடும். இதுக்கு இவ்வளவு பெரிய விளக்கமா 😀

---

மழைக்காலம்:

சுண்டல்வண்டி அண்ணே, நீங்கள் கிண்டலாகச் சொன்னாலும் அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, 2015ஆம் ஆண்டுச் செய்திக்கு அது பொருந்தும். சரிவுகளில் கோடைக்காலத்தில் கருப்பாக நீண்டு, குளிர்காலத்தில் மங்கிப்போகும் கோடுகள் இருக்கின்றன. 2011இலேயே பார்த்துவிட்டார்கள். 2015 செப்டம்பரில் அவற்றில் நீரேறிய உப்புகள் தெரிகின்றன, ஆகவே இன்றைக்கும் உப்புத் தண்ணீர் கசிகிறது என்று நாசா தனியாகக் கூட்டம் போட்டு அறிவித்தது. 2017இல் வேறொரு குழு சரிவுகளின் கோணத்தை அளந்து பார்த்தது. கோடுகள் எல்லாம் 27 பாகைக்கு மேல் செங்குத்தான இடத்தில்தான் தொடங்குகின்றன, சரிவு அதற்குக் கீழே குறைந்தால் நின்றுவிடுகின்றன. தண்ணீர் என்றால் சரிவு குறைந்தாலும் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். உலர்ந்த மணல்தான் இப்படிச் செய்யும். அடுத்த வருஷம், உப்பு என்று தெரிந்ததில் சிலது கருவியின் தரவைச் சரிசெய்யும் முறையில் வந்த போலிக் குறி என்றும் காட்டினார்கள். மறுப்பு எந்த முதல் பக்கத்திலும் வரவில்லை, அதுதான் எரிச்சல்.

2018இல் தென்துருவப் பனிக்கு அடியில் 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் 20 கிலோமீட்டர் அகலத்துக்கு ஏரி என்று ரேடார் வைத்துச் சொன்னதும் இதே கதிதான், களிமண்ணாலும் அந்த மாதிரி எதிரொலி வரலாம் என்று பிறகு பலர் காட்டினார்கள். சர்ச்சை முடியவில்லை.

ஆனால் கரிசல்காட்டான், நீங்கள் சொன்ன எல்லா வருஷத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அவை ஒரே கேள்விக்கான பதில்கள் இல்லை. 2004இல் பாறைக்கிறுக்கன் சார் சொன்னபடி, தண்ணீர் இருந்தது, ஆனால் அமிலமாகவும் உப்பாகவும் இருந்தது. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் வடக்கே 68 பாகை அட்சத்தில் இறங்கி, கையால் மண்ணைச் சுரண்டியபோது சில சென்டிமீட்டருக்குக் கீழேயே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உப்பா பனியா என்று தெரியவில்லை. பள்ளத்தில் கிடந்த வெள்ளைத் துணுக்குகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நான்கு செவ்வாய் நாள் கழித்து அதே இடத்தை மறுபடி படம் எடுத்தால், சில துணுக்குகளைக் காணோம். உப்பு ஆவியாகிப் போகாது, ஆகவே பனி. பிறகு மண்ணை அடுப்பில் சூடாக்கியும் நீராவியை அளந்தார்கள். இது பழைய தண்ணீரைப் பற்றியதே இல்லை, இப்போது இருக்கிற பனியைப் பற்றியது. இரண்டுக்கும் ‘செவ்வாயில் தண்ணீர்’ என்றே தலைப்பு போட்டால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

2012இல் கியூரியாசிட்டி கேல் பள்ளத்தில் இறங்கிய சில வாரத்திலேயே பாதையில் பெயர்ந்து கிடந்த ஒரு பாறைப் பலகையைப் பார்த்தது. நடைபாதை சிமெண்ட் உடைந்து தூக்கி நிற்பது மாதிரி, உள்ளே முழுக்க வழவழப்பான கூழாங்கற்கள். கூழாங்கல்லின் அளவையும் உருட்சியையும் வைத்துக் கணக்கிட்டால், கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள நீரோட்டம், வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகம். அவ்வளவு பெரிய கல்லைக் காற்று உருட்டிக்கொண்டு போகாது. உங்கள் குழம்பு சந்தேகத்துக்கும் காற்று சந்தேகத்துக்கும் இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

2013 பிப்ரவரியில் அதே ரோவர் ஜான் க்ளைன் என்ற பாறையில் முதல் துளை போட்டது, ஆழம் 6.4 சென்டிமீட்டர். வெளியே வந்த தூள் செவ்வாய்ச் சிவப்பு இல்லை, சாம்பல். அதில் ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம். அமிலமும் இல்லை, கடும் உப்பும் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம் என்கிற பொருளில் திட்ட விஞ்ஞானி ஜான் க்ரோட்சிங்கர் சொன்னார். 2004க்கும் 2013க்கும் என்ன வித்தியாசம் என்றால் இதுதான்: உயிர் தாங்காத தண்ணீர், உயிர் தாங்கக்கூடிய தண்ணீர். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது, பத்திரிகையில் இரண்டும் ஒரே வரியாகத்தான் வந்தது.

---

திருப்புளி:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அது என் துறை.

போர் வண்டியில் கம்ப்ரஸரை ஓட்டும் இன்ஜின் என்ன பெரிசு என்று நின்று பார்த்திருப்பீர்கள். கியூரியாசிட்டி இறங்கும்போது அதன் புளுட்டோனிய மின்கலம் கொடுத்தது சுமார் 110 வாட். ஒரு சீலிங் ஃபேனும் ஒரு ட்யூப்லைட்டும் ஓடும். அதில்தான் ஓட்டம், கை, அடுப்பு, லேசர், ரேடியோ எல்லாம், மிச்சம் பிடித்து பேட்டரியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 899 கிலோ வண்டி, ஆனால் அங்கே ஈர்ப்பு நம்மில் 38 சதவீதம்தான், துளைப்பானை அழுத்த முடிகிற பலமும் அந்த அளவுக்குத்தான். இங்கே மாதிரி தண்ணீர் ஊற்றித் தூளை வெளியேற்ற முடியாது, துளைப்பான் சிக்கினால் இழுத்துவிட ஆள் இல்லை.

ஆழமாகப் போக முயன்ற கதையும் உண்டு. இன்சைட் கலம் 2018இல் கொண்டுபோன 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ‘மோல்’ என்ற ஆணி, தன்னைத்தானே சுத்தியலால் அடித்துக்கொண்டு 5 மீட்டர் இறங்க வேண்டும். பக்கவாட்டில் மண் பிடித்தால்தான் அடிக்கு எதிர்ப்பு கிடைத்துக் கீழே போகும். அங்கே மண் பிடிக்கவே இல்லை, துள்ளித் துள்ளி மேலே வந்தது. கையால் அழுத்திப் பார்த்தார்கள், மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 2021 ஜனவரியில் கைவிட்டார்கள், அப்போது அதன் தலை மேல்மண்ணுக்குள் மறைந்திருந்தது, அவ்வளவுதான். ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவருக்கு 2 மீட்டர் துளைப்பான் இருக்கிறது. 2022இல் போயிருக்க வேண்டியது, உக்ரைன் போரால் ரஷ்யாவுடன் கூட்டு முறிந்து தள்ளிப்போய்விட்டது.

துளை போடும் கருவியே கெட்டுப்போனால்? கியூரியாசிட்டிக்கு அதுவும் நடந்தது. 2016 டிசம்பரில் துளைப்பானை முன்னும் பின்னும் நகர்த்துகிற மோட்டார் மக்கர் செய்தது. ஒன்றரை வருஷம் பூமியில் ஒத்திகை பார்த்து, துளைப்பானை நீட்டியபடியே வைத்துக்கொண்டு ரோவரின் கையாலேயே அழுத்தித் துளைக்கும் முறையைக் கண்டுபிடித்து, 2018 மே மாதம் மறுபடி துளை போட்டார்கள். சமிக்ஞை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும், உடனுக்குடன் ஓட்ட முடியாது. ஒரு நாளைய வேலையை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பழுது பார்ப்பதைத்தான் நான் வாயைப் பிளந்து பார்க்கிறேன், தண்ணீர் கிடைத்ததா இல்லையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

ரோவர் கெட்டுப்போனதாலேயே கிடைத்த கண்டுபிடிப்பும் உண்டு. பாறைக்கிறுக்கன் சார் ஏமாந்த கதையோடு ஸ்பிரிட்டை விட்டுவிட்டார். 2006இல் அதன் முன் வலது சக்கரம் நின்றுபோனது. ஆகவே பின்னோக்கி ஓட்டி அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். இழுபட்ட சக்கரம் மண்ணில் சால் உழுதது. 2007இல் அந்தச் சாலில் வெள்ளைவெளேரென்று மண் புரண்டு வந்தது, அளந்தால் 90 சதவீதம் சிலிகா, மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே பொருள். வெந்நீர் ஊற்று அல்லது நீராவித் துளை இல்லாமல் அவ்வளவு தூய சிலிகா திரளாது. நல்ல சக்கரமாக இருந்திருந்தால் மேலேயே ஏறிப் போயிருக்கும். 2024 மே மாதம் கியூரியாசிட்டியும் ஒரு கல்லின்மேல் ஏறி நொறுக்கிவிட, உள்ளே மஞ்சள் படிகம், கலப்பில்லாத கந்தகம். ரோவர் ஓட்டுகிறவர்கள் திட்டமிட்டதே இல்லை.

---

பாறைக்கிறுக்கன்:

திருப்புளி, சிலிகாவைச் சொன்னது நல்லது. வேண்டுமென்றே விட்டேன், ஏனென்றால் அதைக் கண்டது ஏரி என்று நினைத்து இறங்கிய சமவெளியில் அல்ல, அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கொலம்பியா குன்றுகளுக்குப் போன பிறகு. அந்தக் குன்றுகள் சமவெளிக் குழம்பைவிடப் பழையவை. குழம்பு மூடாமல் விட்ட தீவு. அங்கே கோதைட் இருந்தது, கார்பனேட் இருந்தது, எல்லாம் தண்ணீரின் கைவேலை. ஆக, குசெவில் தண்ணீர் இருந்தது உண்மை, நாம் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த விதத்தில் இல்லை.

---

கரிசல்காட்டான்:

கூழாங்கல் விஷயம் எனக்குப் போதும், நன்றி மழைக்காலம். அப்படி ஓடிய தண்ணீரெல்லாம் எங்கே போனது? பூமியில் இருக்கிறதே, அங்கே மட்டும் ஏன் இல்லை?

அப்புறம், துருவத்தில் பனி இருக்கிறது என்று தெரிந்தால் உயிரைத் தேட அங்கே போகாமல் 350 கோடி வருஷப் பழசைத் தேடி எதற்கு வறண்ட பள்ளத்துக்கு ரோவரை அனுப்புகிறார்கள்?

---

நெல்லைச்சீமை:

முதல் கேள்விக்கு நம் மங்கள்யானும் ஒரு கை கொடுத்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. 2014 செப்டம்பர் 24இல் சுற்றுப்பாதையில் நுழைந்தது, திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் எங்கள் மாவட்டத்துக்காரர். அதில் இருந்த மென்கா என்ற கருவி, செவ்வாயின் மேல் காற்று மண்டலத்தில் எதிர்பார்த்ததைவிட அதிக ஆற்றலுள்ள ஆர்கான் அணுக்களைக் கண்டது. சூடான அணு என்றால் தப்பி ஓடுவதற்கு வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்கு என்று அனுப்பியது, 2022 வரை தொடர்பில் இருந்தது. ரோவர் இல்லை, தரையில் இறங்கவில்லை, சரிதான், ஆனால் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் பதிலில் பாதி மேலே காற்றில்தான் இருக்கிறது.

---

பாறைக்கிறுக்கன்:

நெல்லைச்சீமை சொன்னது சரி. அதே மாதம் போய்ச் சேர்ந்த நாசாவின் மேவன் சுற்றுகலன் இதையே விரிவாக அளந்தது. ஆர்கான் எதோடும் சேராத வாயு, பாறையில் ஒளிந்துகொள்ளாது, ஆகவே குறைந்திருந்தால் வெளியேறித்தான் போயிருக்க வேண்டும். ஆர்கானின் இரண்டு ஐசோடோப்புகளின், அதாவது எடை மட்டும் வேறுபடும் அணு வகைகளின், விகிதத்தை வைத்து, ஆரம்பத்தில் இருந்ததில் 65 சதவீதம் விண்வெளிக்குப் போய்விட்டது என்று 2017இல் கணக்குச் சொன்னார்கள். செவ்வாய் சின்னக் கிரகம், ஈர்ப்பு குறைவு, காந்தப் புலமும் சீக்கிரமே அணைந்துவிட்டது, சூரியக் காற்று நேராக வந்து மேல் காற்றைச் சுரண்டியது. இன்றைய காற்றழுத்தம் 6 மில்லிபாருக்கு அருகில், நம்மிடம் 1013. அந்த அழுத்தத்தில் தண்ணீரைத் திறந்து வைத்தால் ஒரு பக்கம் உறையும், ஒரு பக்கம் கொதிக்கும், திரவமாக நிலைக்காது.

மேலே போனது ஒரு பங்கு. இன்னொரு பங்கு களிமண்ணாகவும் உப்பாகவும் கனிமத்துக்குள் பூட்டிக்கொண்டது. 2021இல் வந்த ஓர் ஆய்வு, இப்படிப் பாறைக்குள் போனது 30 முதல் 99 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. அவ்வளவு அகலமான எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் உண்மையைச் சொல்கிறார்களே, அதற்காகப் பாராட்டலாம். பூமியிலும் பாறைகள் தண்ணீரைக் குடிக்கின்றன, ஆனால் இங்கே தட்டுகள் நகர்ந்து பாறை உள்ளே போய், எரிமலை வழியாகத் திரும்ப வெளியே விடுகிறது. செவ்வாயில் அந்தச் சுற்று இல்லை, குடித்தது குடித்ததுதான். 2024இல் நீங்கள் படித்த செய்தி இன்சைட் பதிவு செய்த நில அதிர்வுகளை வைத்துச் சொன்னது, 11.5 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் வெடித்த பாறைகளின் இடுக்கில் திரவத் தண்ணீர் இருந்தால் அந்த அதிர்வு வேகம் பொருந்துகிறது என்று. பொருந்துகிறது என்பதுதான் அங்கே முக்கியமான சொல், யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இரண்டு காரணம். ஒன்று, திரவத் தண்ணீர் இப்போது இருக்கலாம் என்று சந்தேகப்படும் இடத்துக்குப் பூமிக் கிருமி ஒட்டிய ரோவரை அனுப்பக் கூடாது என்று சர்வதேச ஒழுங்கு இருக்கிறது. அந்த அளவுக்குச் சுத்தம் செய்து அனுப்ப ஏகப்பட்ட செலவு. நாமே கொண்டுபோன கிருமியைக் கண்டுபிடித்துவிட்டுக் கொண்டாடினால் எப்படி இருக்கும்? இரண்டாவது, உயிர் தோன்றியிருந்தால் அதற்கு நல்ல காலம் அந்தப் பழைய காலம்தான். பூமியில் அந்த வயதுப் பாறைகள் பெரும்பாலும் அரைபட்டு உருகிப் போய்விட்டன, அங்கே அப்படியே கிடக்கின்றன.

---

மழைக்காலம்:

அதற்குத்தான் பெர்சிவியரன்ஸை 2021 பிப்ரவரி 18இல் ஜெஸீரோ பள்ளத்தில் இறக்கினார்கள். 45 கிலோமீட்டர் விட்டம், மேற்குக் கரையில் ஆறு வந்து விழும் இடத்தில் விசிறி மாதிரி கழிமுக வண்டல். குசெவ் மாதிரி இங்கேயும் ஏமாறப் போகிறார்களோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. பாதி நடந்தது! பள்ளத்தின் தரையில் முதலில் பார்த்தது எரிமலைப் பாறைதான். ஆனால் தூரத்தில் தனியாக நிற்கும் கோடியாக் என்ற குன்றைப் படம் எடுத்தபோது, அடியில் படுக்கையான அடுக்கு, நடுவில் சாய்ந்த அடுக்கு, மேலே மறுபடி படுக்கையான அடுக்கு. ஆறு நிற்கும் தண்ணீருக்குள் வண்டலைக் கொட்டிக்கொண்டே முன்னேறினால்தான் அந்த மூன்றும் அப்படி வரும். 2021 அக்டோபரிலேயே வெளியிட்டார்கள்.

2024 ஜூலையில் ஜெஸீரோவுக்குள் வரும் பழைய ஆற்றுப் பாதையில் செயவா ஃபால்ஸ் என்ற ஒரு மீட்டர் நீளப் பாறை. சிறுத்தைப் புள்ளி மாதிரி வெளிறிய வட்டங்கள், ஓரத்தில் கருப்பு விளிம்பு. விளிம்பில் விவியனைட், கிரெய்கைட் என்ற இரும்புக் கனிமங்கள் இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. பூமியில் சேற்றில் நுண்ணுயிர் இரும்பையும் சல்பேட்டையும் ‘சுவாசிக்கும்போது’ இவை உண்டாவதுண்டு. உயிரில்லாமலும் உண்டாகலாம், ஆனால் அதற்கு வழக்கமாகத் தேவைப்படும் சூடு அந்தப் பாறையில் பட்ட தடயம் இல்லை. அங்கே எடுத்த மாதிரி இப்போது ரோவரின் வயிற்றுக்குள் ஒரு குழாயில் மூடி இருக்கிறது. கொண்டுவர 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 வரை ஆகும் என்று நாசாவே 2024இல் சொல்லி அந்த வழியைக் கைவிட்டது. இவ்வளவு தூரம் போய் இந்த இடத்தில் நிற்பது எனக்குக் கோபமாகவே வருகிறது.

---

சுண்டல்வண்டி:

சரி சகோதரி, கிண்டலை விட்டுவிட்டுக் கேட்கிறேன். ஆறு ஓடியது, ஏரி இருந்தது, ஒப்புக்கொண்டேன். அப்போது செவ்வாய் நம் ஊர் மாதிரி வெயிலும் மழையுமாக இருந்ததா, இல்லை எப்போதும் பனி உறைந்து, எப்போதாவது உருகியதா?

---

மழைக்காலம்:

இங்கேதான் பெரியவர்களே அடித்துக்கொள்கிறார்கள் அண்ணே. அந்தக் காலத்தில் சூரியனே இன்றைய வெளிச்சத்தில் முக்கால் பங்குதான், செவ்வாய் வேறு இன்னும் தூரம். கணினியில் காலநிலையை ஓட்டிப் பார்த்தால் உறைந்துதான் போகிறது. ஆனால் கியூரியாசிட்டி 2022இல் ஓர் அடுக்கில் அலைத் தடங்களைப் பார்த்தது, 6 மில்லிமீட்டர் உயரம், 4-5 சென்டிமீட்டர் இடைவெளி, கல்லாக உறைந்த குட்டி அலை. காற்று நேரடியாகத் தண்ணீர்மேல் வீசினால்தான் அது விழும், மேலே பனி மூடியிருந்தால் விழாது. ஏரியின் ஆழம் 2 மீட்டருக்குள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் வெதுவெதுப்புக் கட்சி.

---

பாறைக்கிறுக்கன்:

நான் நடுவில். அலைத் தடம் அந்த ஒரு ஏரிக்கு, அந்த ஒரு பருவத்துக்குச் சான்று. அதை வைத்துக் கிரகம் முழுக்க, கோடிக்கணக்கான வருஷத்துக்கும் வெதுவெதுப்பு என்று இழுத்தால், குசெவில் படத்தை வைத்து ஏரி என்று இழுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தெற்கு மேட்டு நிலத்தில் கிளை கிளையாகப் பிரியும் பள்ளத்தாக்குகளுக்கு மழையோ பனிப்பொழிவோ வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் தொடர்ச்சியாக வேண்டுமா, விட்டுவிட்டு வந்தால் போதுமா என்பதற்கு அந்த நிலத்தில் இன்னும் எந்த ரோவரும் சக்கரம் வைக்கவில்லை. வைக்கிற வரைக்கும் நான் எந்தக் கட்சியிலும் சேர்வதாக இல்லை.